அடைக்கலம் தேடியவரும் அடைக்கலம் தந்தவரும்

தம் நெறிக்கு இடமில்லாத நாட்டை விட்டு வெளியேறி, கடல் கடந்து, காடு திருத்திப் புதிய ஊர் அமைத்த மக்கள், அவ்வூரில் பிறர் நெறிக்கு இடம் அளிப்பார்களா? துன்புற்றவன் பிறர் துன்பம் அறிவான் என்பது நம் பொதுவான நம்பிக்கை. ஆனால் வரலாறு அந்நம்பிக்கைக்கு எப்போதும் சான்று கூறுவதில்லை. புறக்கணிக்கப்பட்டவர்கள் தமக்கென ஓர் இல்லம் அமைத்ததும் முதல் வேலையாக வாயிற்கதவைத் தாழிட்டுக்கொண்ட வரலாறுகள் பல உள. அவற்றுள் ஒன்றிரண்டை எண்ணிப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மேலை நாட்டு வரலாறு ஒன்றை முதலில் காண்போம். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ப்யூரிட்டன்கள் என்று அழைக்கப்பட்ட சமயத்தார் இருந்தனர். தூய்மை நெறியாளர் என்று அவர்களைத் தமிழில் கூறலாம். திருச்சபையின் ஆடம்பரங்களையும் சடங்குகளையும் அவர்கள் வெறுத்தனர். அரசின் ஒறுப்புக்கு ஆளாயினர். 1630ஆம் ஆண்டில் ஜான் வின்திராப் என்பவரின் தலைமையில் பெருங்கூட்டமாகக் கப்பலேறி அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் கரையை அடைந்து, பாஸ்டன் நகரை நிறுவினர். உலகுக்கே எடுத்துக்காட்டாக விளங்கும் அறச் சமுதாயம் ஒன்றை அமைப்பதே அவர்தம் கனவு.

கனவு உயர்ந்தது. ஆயின் அதில் மாற்றுக் கருத்துக்கு இடம் வைக்கப்படவில்லை. ரோஜர் வில்லியம்ஸ் என்னும் இளம் போதகர், மனச்சாட்சியின் மீது ஆட்சி செலுத்த அரசுக்கு உரிமை இல்லை என்றார். பழங்குடி மக்களுக்கு உரிய நிலத்தை அரசனின் பட்டயத்தைக் காட்டிக் கைக்கொள்வது முறையன்று என்றும் கூறினார். 1635இல் அவரை நாடு கடத்த ஆணை பிறந்தது. கடும்பனிக் காலத்தில் வெளியேறிய அவர், 1636இல் நராகன்செட் பழங்குடியினரிடம் நிலம் பெற்றுப் பிராவிடன்ஸ் என்ற ஊரை அமைத்தார்.

அடுத்து ஆன் ஹட்சின்சன் என்னும் அம்மையார். இவர் மகப்பேறு பார்ப்பதில் கைதேர்ந்தவர். பல மக்களைப் பெற்ற தாய். தம் இல்லத்தில் பெண்களைக் கூட்டி, கோயிலில் கேட்ட சமயப் பேருரைகளைப் பற்றி உரையாடி வந்தார். நாளடைவில் ஆடவரும் வந்து கேட்கலாயினர். பெண் ஒருத்தி போதிப்பதா என்று குருமார் சினந்தனர். 1637 நவம்பரில் அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கேட்ட வினாக்களுக்கெல்லாம் தளராமல் விடை கூறியவர், இறுதியில் இறைவன் தம் உள்ளத்தில் நேரே உணர்த்துகிறான் என்று சொன்னார். அவ்வொரு சொல்லே அவருக்குக் குற்றச்சாட்டாயிற்று. 1638இல் திருச்சபையும் அவரை விலக்கியது.

கொடுமை அத்துடன் நிற்கவில்லை. குவேக்கர் என்னும் அமைதி நெறியினர் பாஸ்டனுக்குள் வரக்கூடாது, நாடு கடத்தப்பட்டவர் மீண்டும் வந்தால் மரண தண்டனை என்று சட்டம் செய்தனர். 1659 முதல் 1661 வரையில் நான்கு குவேக்கர்கள் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் ஒருவர் மேரி டையர் என்னும் பெண்மணி. ஆன் ஹட்சின்சனின் தோழியாய் இருந்தவர். வெளியேற்றப்பட்டும் மீண்டும் மீண்டும் வந்து, 1660இல் உயிர் நீத்தார். இங்கிலாந்தில் ஒறுப்புக்கு அஞ்சி ஓடி வந்தவர்கள், ஒரு தலைமுறை கழிவதற்குள் தாமே தூக்குமரம் நட்டனர் என்பதை நாம் கருத வேண்டும்.

இது எங்கோ நிகழ்ந்த கதை, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட இயலுமா? நாம் பேசுவது சித்தூரிலிருந்து. வடவேங்கடம் தென்குமரி என்று தமிழ்நாட்டுக்கு எல்லை வகுத்த பழந்தமிழர் அறிந்த அதே வேங்கடத்தின் அடிவாரம் இது. இம்மண்ணில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்பட்டு வந்தன. 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. இங்குள்ள தமிழர்கள் இடம் பெயரவில்லை, எல்லைக்கோடு பெயர்ந்தது. ஆதலின் பிற மாநிலத்தில் வாழும் தமிழர் என்ற நிலை உங்களுக்கும் எங்களுக்கும் பொது.

இம்மண்ணின் சமய வரலாற்றைப் புரட்டினால் பாஸ்டனும் தென்படுகிறது, பிராவிடன்சும் தென்படுகிறது.

திருக்காளத்தியிலிருந்து தொடங்குவோம். கண்ணப்பர் வரலாறு நீங்கள் அறிந்ததே. வேடர் குலத்துத் திண்ணனார், காளத்தி மலையில் இறைவனைக் கண்டு, வாயில் நீர் கொணர்ந்து முழுக்காட்டி, சுவை பார்த்த ஊனைப் படைத்து வழிபட்டார். ஆகம முறைப்படி பூசை செய்த சிவகோசரியார் அதனைக் கண்டு நெஞ்சம் பதறினார். நாள்தோறும் இடத்தைத் தூய்மை செய்தார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சேக்கிழார் சிவகோசரியாரைக் கொடியவராகக் காட்டவில்லை. அவரும் அன்பரே, அவர் பதற்றமும் மெய்யான பதற்றமே. சமயப் பகைமை பெரும்பாலும் தீயவரிடத்துத் தோன்றுவதில்லை. தம் நெறியில் உண்மையான பற்றுடைய நல்லவரிடத்தே தோன்றுகிறது. அதனாலேயே அதனை அடையாளம் காண்பது கடினமாகிறது.

இறைவன் சிவகோசரியாரின் கனவில் தோன்றி, மறைந்திருந்து பார் என்று பணித்ததாகப் பெரியபுராணம் கூறும். தண்டனை தரவில்லை, காணும்படி செய்தான். காளத்தியின் பாடம் இதுவே. எனினும் அக்கதையில் ஒரு நெருடலும் உண்டு. வேடனின் வழிபாடு வழிபாடே என்று உலகம் ஒப்புவதற்கு அவர் தம் கண்ணைப் பெயர்த்து அப்ப வேண்டியிருந்தது. இதனை நினைவில் இருத்திக்கொள்வோம். பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

திருக்காளத்தியிலிருந்து திருப்பதிக்கு வருவோம். மலையடிவாரத்தில் ஓங்கி நிற்பது கோவிந்தராசர் கோயிற் கோபுரம். அக்கோயிலைச் சூழ்ந்தே நகரம் வளர்ந்தது. ஏழுமலையான் தரிசனம் முடித்து இறங்கும் யாத்திரிகர்கள் இங்கும் கைகூப்பிச் செல்கின்றனர். இக்கோயிலின் தோற்றம் ஓர் அகதியின் வரலாறு என்பதை அவர்களுள் எத்துணைப் பேர் அறிவர்?

தில்லைச் சிற்றம்பலத்தில் நடராசர் திருமுன்னுக்கு அருகிலேயே திருமாலுக்கும் ஓர் இடம் இருந்தது. தில்லைத் திருச்சித்திரகூடம் என்று குலசேகர ஆழ்வாரும் திருமங்கை ஆழ்வாரும் பாடிய திருப்பதி அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் அத்திருமேனி அகற்றப்பட்டுக் கடலில் இடப்பட்டது. இதனைப் பகைவர் கூறவில்லை. அவ்வரசனின் அவைப்புலவரான ஒட்டக்கூத்தரே அவன் புகழாகப் பாடியிருக்கிறார். ஒருவனின் புகழ்ப்பாட்டே மற்றொருவனின் ஒப்பாரியாக அமைந்தது. அத்திருமேனியின் நினைவாகவே இராமாநுசர் திருப்பதி அடிவாரத்தில் கோவிந்தராசரை எழுந்தருளச் செய்தார் என்பது வைணவ மரபு. ஆண்டுக் கணக்கில் ஆராய்ச்சியாளர்கள் மாறுபடுவர். ஆனால் தில்லையில் இடம் இழந்த தெய்வத்துக்கு வேங்கடத்தின் காலடியில் இடம் கிடைத்தது என்ற நினைவு எட்டு நூற்றாண்டுகளாக அழியாமல் இருக்கிறது.

இராமாநுசரும் அகதியாய் வாழ்ந்தவர் என்றே மரபு சொல்லும். சோழ அரசன் ஒருவனின் சமயக் கடுமைக்குத் தப்பி, வெள்ளாடை உடுத்துத் திருவரங்கத்தை விட்டுப் போசள நாட்டில் மேல்கோட்டையை அடைந்தார். அவருக்காகக் கூரத்தாழ்வான் கண்களை இழந்தார் என்பர். அயல்நாட்டில் வாழ்ந்த அந்நாட்களில் அவர் செய்தது என்ன? தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு அழைத்து, ஆண்டில் சில நாட்கள் கோயிலுக்குள் வர வழி செய்தார் என்று மேல்கோட்டை மரபு கூறுகிறது. சில நாட்கள் மட்டுந்தானே என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆயினும் தாம் அடைக்கலம் புகுந்த ஊரில் மேலும் ஒரு கதவைத் திறந்தவர் அவர், தாழிட்டவர் அல்லர்.

சோழர் அனைவரையும் ஒரே அளவுகோலால் அளப்பதும் நேர்மையாகாது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசனே நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். ஒரே அரசமரபில் இரண்டு மனப்பாங்குகள் இருந்தன. ஒரு சமயத்தின் இயல்பைக் காட்டிலும், அதிகாரம் யார் கையில் எவ்வாறு இருந்தது என்பதே பல வேளைகளில் முடிவைத் தீர்மானித்தது.

இதற்குச் சான்றாகத் தில்லைக் கதையின் பிற்பகுதியையும் சொல்லியாக வேண்டும். 1539இல் விசயநகரப் பேரரசர் அச்சுதராயர் தில்லையில் மீண்டும் கோவிந்தராசரை எழுந்தருளச் செய்தார். ஆற்றப்பட்ட அநீதிக்கு நேர்ந்த பரிகாரம் அது. ஆனால் அந்நூற்றாண்டின் இறுதியில் செஞ்சியை ஆண்ட கிருட்டிணப்ப நாயக்கர் அத்திருமுற்றத்தை விரிவாக்க முற்பட்டார். தில்லைவாழ் அந்தணர் தடுத்தனர். நாயக்கர் கேளாமல் பணியைத் தொடர்ந்தார். மனம் நொந்தவர்கள் கோபுரத்தின் மேலேறிக் கீழே பாய்ந்து மாண்டனர். ஏறத்தாழ இருபது பேர் இவ்வாறு உயிர் விட்டதாக, 1597இல் அப்பக்கம் பயணம் செய்த நிக்கலஸ் பிமெண்டா என்னும் யேசு சபைக் குரு எழுதி வைத்திருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அழுதவரின் வழியினர் பதினாறாம் நூற்றாண்டில் பிறரை அழவைத்தனர். பாஸ்டனுக்குக் கப்பலேறியவர்களின் கதை நம் தில்லையில் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

சைவ வைணவப் பூசல் ஓய்ந்த இடத்தில் வைணவத்துக்குள்ளேயே வடகலை தென்கலைப் பூசல் கிளம்பியது. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் யார் முன்னே நின்று ஓதுவது என்னும் வழக்கு 19ஆம் நூற்றாண்டு முதல் நீதிமன்றப் படிகளை ஏறி வந்திருக்கிறது. இரு சாராரும் போற்றுவது ஒரே பெருமாளை, ஒரே ஆழ்வார்களை. வேற்றுமை எவ்வளவு சிறியதோ அவ்வளவு கடுமையாகப் பகை மூளும் போலும்!

இனி, நம் மாவட்டத்தின் ஆன் ஹட்சின்சன் என்று சொல்லத்தக்க ஒரு பெண்மணியைக் காண்போம். பழைய சித்தூர் மாவட்டத்தில் தரிகொண்டை என்னும் சிற்றூரில் 1730ஆம் ஆண்டில் பிறந்தவர் வெங்கமாம்பா. இளமையில் மணம் செய்வித்தனர். இளமையிலேயே கணவர் மறைந்தார். அக்காலத்து வழக்கப்படி தலையை மழித்து, பூவும் பொட்டும் நீக்கி மூலையில் அமர வேண்டும். அவர் மறுத்தார். திருவேங்கடமுடையானே தம் கணவன். ஆதலின் தாம் கைம்பெண் அல்லர் என்றார். மதனப்பள்ளியில் ஓர் ஆசானிடம் உபதேசம் பெற்று, யோகம் பயின்று, தெலுங்கில் பாடத் தொடங்கினார்.

ஊரார் சும்மா இருப்பார்களா? ஏசினர், துன்புறுத்தினர். மடத்தலைவர் ஒருவரை வரவழைத்து அவர் முன் நிறுத்தினர் என்றும், அங்கே ஓர் அற்புதம் நிகழ்ந்தது என்றும் கதை வழங்குகிறது. நீதிமன்றத்தில் நின்ற ஹட்சின்சன் அம்மையாரைப் போலவே இவரும், தமக்கும் இறைவனுக்கும் இடையே வேறொருவர் வேண்டியதில்லை என்னும் உறுதியில் நின்றார். இறுதியில் ஊரை விட்டு வெளியேறித் திருமலை ஏறினார்.

மலையில் அவருக்கு இருக்க இடம் தந்தவர்களுள் அத்திராம் மடத்து மகந்து ஆத்மாராம் தாசர் குறிப்பிடத்தக்கவர் என்பர். அம்மடம் வடநாட்டிலிருந்து வந்த வைராகிகளின் மடம். பின்னாளில், 1843 முதல் 1933 வரை, திருமலைக் கோயில் நிர்வாகமே அம்மடத்து மகந்துகளிடம் இருந்தது. வடமொழியும் இந்தியும் வழங்கிய துறவியர் மடம், தெலுங்குப் பெண் ஒருத்திக்கு, தமிழ் ஆழ்வார்கள் பாடிய மலையில் அடைக்கலம் தந்தது. சொந்த ஊரார் தராததை அயலூரார் தந்தனர். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இச்செய்தி தனியே விளக்க வேண்டியதன்று.

மலையிலும் தொல்லைகள் இல்லாமல் இல்லை. தும்புருகோனை என்னும் மலைக்குகையில் சில ஆண்டுகள் தனித்துத் தவம் செய்தார் என்பர். ஆயினும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. வேங்கடாசல மகாத்மியம், துவிபத பாகவதம், வாசிட்ட இராமாயணம் முதலியவற்றையும் பல யட்சகானங்களையும் இயற்றினார். அவற்றுள் ஒன்றின் பெயர் சிவ நாடகம் என்பதை நினைக்கும்போது நெஞ்சு குளிர்கிறது. வைணவ மலையில் வாழ்ந்த நரசிம்ம பக்தைக்குச் சிவனைப் பாடுவதில் தடை ஏதும் தோன்றவில்லை. அதே மலையில் அரியும் அரனும் ஓருருவாய் நிற்கக் கண்டவர் அன்றோ பேயாழ்வார்! வெங்கமாம்பா 1817இல் மறைந்தார்.

இன்றும் திருமலையில் ஒவ்வோர் இரவும் ஏகாந்த சேவையின் நிறைவில் வெங்கமாம்பா பெயரால் முத்தியாலு ஆரத்தி எடுக்கப்படுகிறது. அன்னமாச்சாரியாரின் தாள்ளபாக்கத்தார் பாடும் தாலாட்டும் தரிகொண்டையார் எடுக்கும் ஆரத்தியும் சேர்ந்தே இறைவனைத் துயில்விக்கும் என்று தெலுங்கில் ஒரு வழக்கு உண்டு. மலையில் யாத்திரிகர்க்கு நாள்தோறும் உணவு படைக்கும் பெரிய அன்னதானக் கூடத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. பாஸ்டனிலும் இவ்வாறே ஆயிற்று. விரட்டப்பட்ட ஆன் ஹட்சின்சனுக்கும் தூக்கிலிடப்பட்ட மேரி டையருக்கும் இன்று மாசாசூசெட்ஸ் அரசு மாளிகையின் முன் சிலைகள் நிற்கின்றன. 1987இல் அம்மாநில ஆளுநர் ஹட்சின்சன் மீதிருந்த நாடு கடத்தல் ஆணையை நீக்கினார். தீர்ப்புத் திருந்த 350 ஆண்டுகள் ஆயின.

நேயர்களே, முன்பு நினைவில் இருத்தச் சொன்ன நெருடலுக்கு இங்கே வருவோம். கண்ணப்பர் கண்ணைத் தந்தார், உலகம் வணங்கியது. மேரி டையர் உயிரைத் தந்தார். உலகம் சிலை எடுத்தது. வெங்கமாம்பாவைச் சுற்றி அற்புதங்கள் கூறப்பட்டன. உலகம் ஆரத்தி எடுத்தது. ஆனால் அற்புதம் ஒன்றும் நிகழ்த்த இயலாத எத்தனை ஆயிரம் இளங் கைம்பெண்கள் அதே நூற்றாண்டில் தலை மழிக்கப்பட்டு மூலையில் அமர்ந்து மறைந்தனர்! அவர்களுக்காக எந்தத் தெய்வமும் கனவில் வரவில்லை. ஆலய வாயிலுக்கு வெளியே நின்ற மக்கள் எத்தனை தலைமுறை காத்திருந்தனர்! அவர்களுக்கு வாயில் திறந்தது அற்புதத்தால் அன்று. 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய ஆலயப் பிரவேசச் சட்டத்தால். மாறுபட்டவரை ஏற்பதற்கு அவரிடம் ஒரு விலை கேட்கிறோம். மகானாய் இரு, அல்லது மாண்டு போ. அதன் பிறகு போற்றுகிறோம் என்கிறோம். இது சகிப்புத்தன்மை ஆகாது.

சகிப்புத்தன்மை எது என்பதை ரோஜர் வில்லியம்ஸின் வாழ்வே காட்டுகிறது. குவேக்கர்களின் கொள்கை அவருக்கு அறவே பிடிக்கவில்லை. முதுமையில், 1672இல், அவர்களோடு நாட்கணக்கில் கடுமையாக வாதிட்டார். ஆயினும் அவர்கள் தம் குடியேற்றத்தில் வாழும் உரிமையை ஒருபோதும் மறுக்கவில்லை. 1663இல் ரோட் தீவு பெற்ற அரச பட்டயம் மனச்சாட்சி உரிமையை எல்லார்க்கும் உறுதி செய்தது. யூதரும் அங்கே குடியேறினர். பிறர் கொள்கையை விரும்ப வேண்டும் என்பதில்லை. அதனோடு வாதிடலாம், மறுக்கலாம். கோலை மட்டும் கையில் எடுக்கலாகாது. கதவை மட்டும் அடைக்கலாகாது.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழர்கள் கோயில் கட்டுகிறார்கள், சங்கம் அமைக்கிறார்கள், பள்ளி நடத்துகிறார்கள். அயலூரில் தமிழோசை கேட்கவேண்டும் என்னும் ஏக்கத்தில் எழும் அமைப்புகள் அவை. வந்த நாளில் வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டவரும், மொழி தெரியாதவர் என்று நகையாடப்பட்டவரும் சேர்ந்து எழுப்பியவை. அவ்வாறு எழுந்த மன்றத்தில் நாமே இன்று யாருக்கு இடம் மறுக்கிறோம்? விழா மேடையில் எந்தச் சமயத்தார் பாட்டு ஒலிக்கவில்லை? பந்தியில் யார் கடைசியில் அமர்கிறார்? நம் வழக்கத்தினின்று மாறுபட்டு மணம் செய்துகொண்ட இளைஞரின் வீட்டுக்கு அழைப்பிதழ் செல்கிறதா? பாஸ்டன் மக்களும் நல்லவர்களே, கடவுட்பற்று உடையவர்களே என்பதை மறவாமல் இவ்வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும்.

ஓர் ஊரில் நாம் வேரூன்றிவிட்டோம் என்பதற்கு அங்கே கட்டிய கோபுரத்தின் உயரம் அளவுகோல் அன்று. நமக்குப் பின் வருகின்றவர், நம்மோடு உடன்படாதவர், அற்புதம் எதுவும் செய்யத் தெரியாத எளியவர், எவ்விதக் கேள்வியுமின்றி அக்கோபுர வாயிலைக் கடந்து உள்ளே வர இயலுமா என்பதே அளவுகோல். வந்தவரை வேங்கடம் ஏற்றது. அதன் அடிவாரத்து மக்களாகிய நாமும், அவ்வடிவாரத்தை விட்டுத் தொலைவில் வாழும் நீங்களும் அதற்குத் தக வாழ்வோமாக.